கேட்காமல் விதைத்த கோதுமை

ஆர்லிஸ் ப்ரெக்கே வேண்டாம் என்று சொன்னபோது, வேண்டாம் என்றுதான் சொன்னாள். அதை யாரும் நம்பவில்லை. குற்றம் யாருடையது என்று கேட்டால், எங்கள் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த அத்தனை பேருடையதும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போய், "காப்பி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் முதல் தடவை, "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கேட்டால், "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்." மூன்றாவது தடவை, "சரி, அரைக் கோப்பை." முதல் தடவையே கையை நீட்டுகிறவன் வெளியூர்க்காரன், இல்லையென்றால் வளர்ப்புச் சரியில்லை. நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த பாட்டன்மார் வேறு எதை மறந்துவிட்டு வந்தார்களோ தெரியாது, இந்தப் பாழாய்ப்போன நாசூக்கை மட்டும் மறக்காமல் மூட்டை கட்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் மழை பொய்த்த வருஷத்தில்கூட அது நன்றாக விளைந்தது.

ஏப்ரல் கடைசியில், பிஸ்மார்க் நகரத்து ஆஸ்பத்திரியின் நடைக்கூடத்தில் ஆர்லிஸ் நின்றுகொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. உள்ளே அவள் கணவன் டெல்மர் நெஞ்சைப் பிளந்து தைத்த தையலோடு படுத்திருந்தான். பேசியவன் ட்ராவிஸ் ட்வெட்டன், அடுத்த பண்ணைக்காரன். நாற்பது வயதுக்காரன். ஆர்லிஸ் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் ஒரு காலத்தில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு வந்த பையன்.

"டெல்மர் எப்படி இருக்கார்?"

"பொழச்சுக்கிட்டான் பாவி. இனிமே எதையும் தூக்கக்கூடாதாம். வண்டி ஓட்டக்கூடாதாம்."

"அது போதும். கேளுங்க, மண்ணு பதமா காஞ்சிருக்கு. நாங்க எல்லாரும் சேர்ந்து உங்க நிலத்தையும் விதைச்சு முடிச்சிடறோம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

"வேண்டாம் ட்ராவிஸ். அவங்கவங்க வேலையே தலைக்கு மேல கெடக்கும்."

"அதப் பாத்துக்கலாம். ரெண்டு நாள் வேலை, அவ்வளவுதான்."

"இல்லப்பா, நெஜமாவே வேண்டாம். இந்த வருஷம் அது சும்மா கெடக்கட்டும்."

"சரி சரி, நீங்க அவரைப் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டான்.

மூன்றாவது தடவை அவன் கேட்கவே இல்லை. நெருங்கிப் பழகியவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இரண்டு மறுப்பு வந்துவிட்டதா, மூன்றாவதைக் கேட்டுச் சங்கடப்படுத்தாமல் வேலையில் இறங்கிவிடுவது. ஆர்லிஸுக்கு அது தெரியாதா என்ன? உடனே திருப்பிக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். தாதி வந்து கூப்பிட்டாள், டெல்மருக்கு இருமல் வந்துவிட்டது, அவள் உள்ளே போய்விட்டாள்.

உண்மை இதுதான்: அவர்கள் ஊரைவிட்டுப் போவதாக முடிவு செய்து நாலு மாதம் ஆகிவிட்டது.

ஆர்லிஸுக்கு அறுபத்தெட்டு வயது. டெல்மரைக் கட்டிக்கொண்டு எங்கள் லாங்டாலுக்கு வந்தபோது ஊரில் இரண்டு மளிகைக்கடை, ஒரு வங்கி, டிராக்டர் விற்கிற கடை, பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் எல்லாம் இருந்தன. அரை மைலுக்கு ஒரு வீடு, வீட்டுக்கு நாலு பிள்ளை. மகள் கிர்ஸ்டன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் பேருந்து ஓட்டுநர் பனியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். "ரெண்டு வாரம் மட்டும் ஓட்டிக் குடு" என்று பள்ளி நிர்வாகி வந்து கெஞ்சினார். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. கெஞ்சியவர் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது.

அப்போது பேருந்தில் பிள்ளைகள் ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து வருவார்கள். கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். பிறகு என்ன நடந்ததோ, யாரும் எங்களை வந்து விரட்டவில்லை. பஞ்சம் இல்லை, சண்டை இல்லை. கோதுமை விலை நின்ற இடத்திலேயே நின்றது. டிராக்டர் விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பெரிய வண்டிக்குப் பெரிய நிலம் வேண்டும். பெரிய நிலம் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரன் போக வேண்டும். அவன் போனால் இவன் பிழைப்பான் என்று ஆகிவிட்டது. ஹாகன் குடும்பம் போனபோது அவர்கள் நிலத்தை வாங்கியது டெல்மர்தான். அந்த வருஷம் நல்ல விளைச்சல். ஆனால் ஹாகன் வீட்டு மூன்று பிள்ளைகள் ஏறும் இடத்தில் பேருந்தை நிறுத்த வேண்டிய அவசியமில்லாமல் போனது. பழக்கத்தில் ஒரு மாதம் வரை ஆர்லிஸ் அங்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தாள்.

பள்ளிக்கூடம் மூடப்பட்டது. பிள்ளைகள் முப்பது மைல் தள்ளி வேறு ஊருக்குப் போனார்கள். வங்கி வாரத்தில் இரண்டு நாள் திறந்தது, பிறகு அதுவும் இல்லை. போதகர் ஒருவரே நாலு தேவாலயத்துக்கு. ஆனால் ஒன்று சொல்கிறேன், ஆள் குறைந்தால் வேலை குறையும் என்று நினைக்கிறவன் முட்டாள். சாவு விருந்துக்கு யாராவது சமைக்கத்தானே வேண்டும்? ஆம்புலன்ஸை யாராவது ஓட்டத்தானே வேண்டும்? ஆர்லிஸ் பேருந்து ஓட்டினாள், ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசித்தாள், ஊரார் மாறி மாறி ஓட்டும் ஆம்புலன்ஸில் தன் முறைக்குப் போனாள். ஊர்ச்சபைக்குச் செயலாளரும் அவள்தான். காய்ச்சலில் படுத்து ஒரு வருஷம் கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டாள். கூட்டத்துக்கு வராதவர் தலையில்தான் எங்கள் ஊரில் பதவியைக் கட்டுவது. அதிலிருந்து அவள்தான்.

ஜனவரியில் ஒரு நாள் டெல்மர் பனியைத் தள்ளிவிட்டு வந்து, காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். தரையெல்லாம் தண்ணீர்.

"போதும் ஆர்லிஸ்" என்றான். "என்னால முடியல."

பத்து வருஷமாக அவள் அந்த ஒரு சொல்லுக்குத்தான் காத்திருந்தாள். சந்தோஷத்தைக் காட்டினால் மனசை மாற்றிக்கொள்வானோ என்று பயந்து, பாத்திரம் கழுவுகிற பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். மறுநாள் கிர்ஸ்டனுக்குச் சொன்னார்கள். பிஸ்மார்க்கில் மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு குடியிருப்பு, ஜூன் ஒன்றாம் தேதியிலிருந்து.

ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. ஹாகன் குடும்பம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒரு வருஷம் பட்ட பாட்டை அவர்கள் பார்த்திருந்தார்கள். கிழவன் லைல் காப்பிக்கடையில் தினமும் காலையில், "இன்னுமா போகல நீ?" என்று கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள், சிரிப்புக்குக் கீழே வேறு ஒன்று இருக்கும். அதனால் ஈஸ்டர் முடியட்டும், மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்தார்கள். ஈஸ்டர் முடிந்த வாரத்தில் டெல்மர் கிடங்கு வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

மே மாத நடுவில் ஆர்லிஸ் அவனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். நெடுஞ்சாலையிலிருந்து மண்சாலைக்குத் திரும்பியதும் டெல்மர், "நிறுத்து, நிறுத்து" என்றான். அவளும் பார்த்துவிட்டாள். தரிசாகக் கிடக்க வேண்டிய நிலத்தில் கோடு பிசகாமல் விதைப்பு வரிசைகள் ஓடின. வேலி ஓரம், பாறை மேடு, தண்ணீர் தேங்கும் பள்ளத்தின் விளிம்பு என்று ஒரு இடம் விடவில்லை. முதல் பச்சை வெளியே வந்திருந்தது. டெல்மர், இருமும்போது தையலை அழுத்திக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்த தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கிப்போய் சாலையோரத்தில் நின்றான். தையல் வலிக்குமே என்று பயந்து பயந்து, சத்தமில்லாமல் அழுதான்.

"என் நிலத்துல நான்கூட இவ்வளவு ஒழுங்கா விதைச்சதில்ல" என்றான்.

ஆர்லிஸுக்கு அழுகை வரவில்லை. காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் போனால் குளிர்பெட்டி நிறைய உணவு. உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சேர்த்துச் சுட்டது, கோழி நூடுல்ஸ், பன்றித் தொடைக்கறி, பழம் வைத்துச் சுட்ட 'பை' இரண்டு. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுநாடாவில் பெயர். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வெறும் பாத்திரமாகவும் கொடுக்கக்கூடாது. மேசைமேல் வாரப் பத்திரிகை விரித்து வைத்திருந்தது. முதல் பக்கத்தில் வரிசையாக ஆறு டிராக்டர், அவற்றின் முன்னால் தொப்பி போட்ட ஆட்கள். ஒருவன் முகத்திலும் சிரிப்பு இல்லை, சிரித்தால் பெருமை அடித்துக்கொள்வதாக ஆகிவிடும்.

இரவு சாப்பிடும்போது டெல்மர் ஆரம்பித்தான். "அறுவடை வரைக்கும் இருந்துடுவோம்."

"வீடு ஜூன்ல இருந்து எடுத்தாச்சு."

"இவ்வளவு செஞ்சிருக்காங்க. அவங்க விதையை இறக்கி, டீசலைப் போட்டு, அவங்க வேலையை விட்டுட்டு வந்து... இப்ப நாம டாட்டா காட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"அறுவடை முடிஞ்சதும் என்ன சொல்லுவ? குளிர்காலத்துல எப்படிப் போறதும்ப. அப்புறம் வசந்தம் வரும். எனக்கு உன்னைத் தெரியாதா?"

"ஒரே ஒரு வருஷம்."

"ரெண்டு வாரம்னு சொல்லித்தான் என் கையில அந்தப் பஸ்ஸைக் குடுத்தாங்க!" என்று ஆர்லிஸ் கத்திவிட்டாள். வீட்டில் அவள் கத்தி டெல்மர் கேட்டதில்லை. "நீ செத்துப்போயிடுவ டெல்மர். கிடங்கு வாசல்ல விழுந்து கெடந்தப்ப ஆம்புலன்ஸ் முறை யாரோடது தெரியுமா? என்னோடது. என் புருஷனை நானே தூக்கி வச்சு நானே ஓட்டிட்டுப் போனேன். கூட வர வேற ஆளில்ல. பின்னால லைல் கெழவன் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தான். இன்னொரு தடவை என்னால அந்த வண்டியை ஓட்ட முடியாது."

டெல்மர் தட்டில் இருந்த உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எல்லாரும் பாத்துட்டு இருக்காங்களே ஆர்லிஸ்" என்று கடைசியில் முனகினான். அவன் சொன்னது பொய்யில்லை. எங்கள் ஊரில் ஒருவன் செய்த உதவியைத் தட்டிவிட்டுப் போவதைவிடத் திருடிவிட்டுப் போகலாம்.

மறுநாள் ஆர்லிஸ், ட்ராவிஸின் மனைவி ஹெய்டி கொடுத்த பாத்திரத்தைக் கழுவி, அதில் ருபார்ப் தண்டு போட்டுச் சுட்ட இனிப்பை நிரப்பிக்கொண்டு ட்வெட்டன் பண்ணைக்குப் போனாள். ஹெய்டியும் பிள்ளைகளும் வெளியே போயிருந்தார்கள். இயந்திரக் கொட்டகையில் ட்ராவிஸ் விதைப்பு இயந்திரத்துக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். காலணி மட்டும் வெளியே தெரிந்தது.

"காப்பி குடிக்கிறீங்களா ஆர்லிஸ்?" என்றான் உள்ளிருந்தே.

"காப்பி கெடக்கட்டும். ட்ராவிஸ், நாங்க போறோம். ஜூன் ஒண்ணாந்தேதி, பிஸ்மார்க்குக்கு. ஜனவரியிலேயே முடிவு பண்ணிட்டோம்."

ஸ்பானர் சத்தம் நின்றது. ஆனால் அவன் வெளியே வரவில்லை.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"டெல்மர் வருஷா வருஷம் குளிர்காலத்துலயே விதைக்கும் உரத்துக்கும் சொல்லி வச்சிடற மனுசன். இந்த வருஷம் ஒரு மூட்டைக்குக்கூடச் சொல்லல. மார்ச்சுலேயே எனக்குப் புரிஞ்சுபோச்சு."

ஆர்லிஸ் பாத்திரத்தை வேலைமேசை மேல் வைத்தாள். "அப்ப நான் போன்ல வேண்டாம்னு சொன்னது..."

"நெஜமான வேண்டாம்னு தெரியும்."

"அடப் பாவி! தெரிஞ்சுக்கிட்டா செஞ்ச?"

அவன் மெல்ல நகர்ந்து வெளியே வந்தான். எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்தான். கையில் மசகு, முகத்தில் தூக்கமில்லாத கறுப்பு. விதைப்புக் காலத்தில் எல்லார் முகமும் அப்படித்தான் இருக்கும். அவனுக்கு அதற்கும் மேலே ஏதோ இருந்தது.

"மத்தவங்களுக்குத் தெரியாது ஆர்லிஸ். அவங்க மனசார வந்தாங்க. அவங்களைத் திட்டாதீங்க. நான் மட்டுந்தான் கணக்குப் போட்டு வந்தேன்."

"என்னடா கணக்கு?"

"விதைச்சுட்டா நீங்க போகமாட்டீங்கன்னு."

"எங்களைக் கட்டிப்போட்டுட்ட. உதவிங்கற பேர்ல கட்டிப்போட்டுட்ட."

"ஆமா" என்றான். மறுத்திருந்தால் அவளுக்கு இன்னும் நாலு வார்த்தை திட்ட வசதியாக இருந்திருக்கும். "ஹெய்டி வாய் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டா. காலைல உங்க பஸ் வெளிச்சம் ரோட்டுல தெரியற வரைக்கும் ஜன்னல்லயே நிப்பா. பிள்ளைங்களுக்காகன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். லீவு நாள்லயும் நிக்கறா. உங்க வீட்டுச் சமையலறை விளக்கைப் பாக்கறா. அது ஒண்ணுதான் எங்க வீட்டுல இருந்து தெரியற விளக்கு."

ஆர்லிஸ் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது.

"அன்னைக்கு ஆறு வண்டி வந்துச்சு" என்றான் ட்ராவிஸ். "பத்திரிகையில பாத்தீங்கல்ல? என்னைத் தவிர அத்தனை பேரும் அறுபதைத் தாண்டினவங்க. லைலுக்கு ஏணியில ஏறவே முடியல, நான்தான் கீழ நின்னு தள்ளிவிட்டேன். எல்லாரும் உங்களுக்கு விதைக்க வந்தாங்க. சந்தோஷம். நாளைக்கு நான் விழுந்தா எனக்கு யாரு வருவா ஆர்லிஸ்?"

இந்த மாதிரி நேரத்தில் சொல்வதற்கென்று எங்களிடம் வார்த்தைகள் இருக்கின்றன. கடவுள் ஒரு வழி காட்டுவார் என்று சொல்லலாம். ஊர் இப்படியேவா போய்விடும் என்று சொல்லலாம். சாவு வீடுகளில் ஆர்லிஸே நூறு தடவை சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்கு அந்தத் தெம்பும் இல்லை.

"யாரும் வரமாட்டாங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். யாராவது ஒருவர் இதைச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவன் போல இருந்தது.

"உன்மேல எனக்குக் கொள்ளைக் கோபம்" என்றாள். "உன்னை நெனச்சா அழுகையும் வருது. ரெண்டும் சேர்ந்து வருது, என்னால எதையும் பிரிக்க முடியல. ஆனா நான் போறேன்டா. களைச்சுப்போயிட்டேன். விளக்கு எரியணும்னு ஒருத்தி எத்தனை வருஷம் ஒரு வீட்டுல உக்காந்திருக்க முடியும்? அந்தக் கோதுமை உன்னோடது. விதைச்சவன் நீ, நீயே அறுத்துக்கோ. நெலத்தையும் நீயே பாத்துக்கோ."

"ஐயோ, வேண்டாம் ஆர்லிஸ், அது எப்படி..."

"ரெண்டாவது தடவை நான் கேக்கமாட்டேன்."

ட்ராவிஸ் வாயை மூடிக்கொண்டான். பிறகு, தரையைப் பார்த்தபடி, சரி என்றான். பாட்டன் காலத்திலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு மறுப்போடு சரி சொன்ன முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து, "சொல்லியாச்சு" என்றாள் டெல்மரிடம். மறுநாள் காலையில் அவன், பிஸ்மார்க் வீட்டில் அவனுடைய சாய்வு நாற்காலிக்கு ஜன்னல் பக்கம் இடம் இருக்குமா என்று கேட்டான். ஆர்லிஸ் இருக்கும் என்றாள். அந்த வார ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் காப்பி ஊற்றும்போது அவளே எல்லாருக்கும் சொன்னாள்.

"அப்ப ஆர்கன் யாரு வாசிக்கறது?" என்றான் லைல். "நல்லவேளை, இன்னைக்கு நான் வந்துட்டேன். வராம இருந்திருந்தா என் தலையில கட்டியிருப்பீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஆர்லிஸும் சிரித்தாள். லைல் தன் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு மேல்சட்டையைத் தேடுவதாகச் சொல்லிப் படியேறிப் போனான், திரும்பி வரவில்லை.

சாமான் ஏற்றுகிற நாளில் விதைக்க வந்த அதே ஆட்கள் வந்தார்கள். யாரையும் கூப்பிடவில்லை. சோபாவையும் கட்டிலையும் தூக்க முடிந்தவன் ட்ராவிஸ் ஒருவன்தான்; மற்றவர்கள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். டெல்மரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அவன் எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ள லைலை அருகில் உட்காரவைத்தார்கள். இரண்டு பேரும் மழை வருமா வராதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சமையலறையில் ஹெய்டி தட்டுகளைப் பழைய பத்திரிகையில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். ஆர்லிஸ் கோப்பைகளைச் சுற்றினாள். வெளியே ட்ராவிஸ் வண்டியின்மேல் நின்று கயிற்றை இழுத்துக் கட்டுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"அங்க பள்ளிக்கூடம் எப்படி?" என்றாள் ஹெய்டி, தலையை நிமிர்த்தாமல்.

"கிர்ஸ்டனோட பசங்க படிக்கறது நல்ல பள்ளிக்கூடம்தான். நடந்தே போயிடறாங்க."

ஹெய்டி இன்னொரு தட்டைச் சுற்றினாள். "உங்க கட்டடத்துல மூணு படுக்கையறை வீடு இருக்குமா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். கிடைக்காது, விலை அதிகம், ஊர் சத்தம், பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நூறு சொல்லியிருக்கலாம். ஆர்லிஸ் ஜன்னல் வழியாக ட்ராவிஸைப் பார்த்தாள். அவன் முடிச்சைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தான்.

"மேல்மாடியில ரெண்டு காலியா இருக்கு" என்றாள்.

ஹெய்டி தலையசைத்தாள். "இப்ப அவன்கிட்ட சொல்லிடாதீங்க. அறுவடை முடியட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.